மூடி இருக்கா

காலி பாட்டில் யார் தந்தாலும் வாங்கிக்கொள்வேன்.
ஒரே கேள்விதான்:
மூடி இருக்கா?

மூடி இல்லாதது வெறும் கண்ணாடி.
மைதீன் பிச்சை கடையில் எடைக்குப் போடலாம்,
அவரும் இப்போது முகம் சுளிக்கிறார்.

கைலாசபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில்
நெஞ்சுயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
இரண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று.
ஐப்பசி ஈரத்தில்
ஆறு தன் கையெழுத்தை மறுபடி போட்டுவிடும்.

அந்த மார்கழியில் மாடியிலிருந்து இறங்கியபோது
பீரோ மல்லாந்து கிடந்தது.
அரிசி உப்பிப் புளித்திருந்தது.
பிளாஸ்டிக் டப்பாக்கள் போன ஊர்
முறப்பநாடோ ஸ்ரீவைகுண்டமோ.
சேற்றுக்குள் காலில் இடறியது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
உள்ளே தீப்பெட்டி.
எப்போது போட்டேன், எதுக்குப் போட்டேன், நினைவில்லை.
உரசினேன்.
முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.
அப்போதுதான் அழுகை வந்தது,
பீரோவுக்கு வராத அழுகை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
பெயரும் தேதியும் இல்லாத பாட்டில்
பாட்டில் கணக்கில் சேராது.
வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி எழுதுவேன்:
தீப்பெட்டி, புரட்டாசி.
பிரஷர் மாத்திரை, பதினைந்து நாளுக்கு.
சீனி ஆறு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன்,
கொதித்து ஆறின தண்ணி ஒரு லிட்டர் சேர்க்கவும்.
ஆவுடையப்பன் கண்ணாடி போடாமலும் படிக்கணும் என்று
எழுத்து பெரிசு.

லேபிள் உரிய ஒரு ராத்திரி ஊறணும்.
பிசினுக்குச் சாம்பலும் தேங்காய் நாரும்.
ஊறுகாய் வாடை வெயிலில் போய்விடும்.
பிராந்தி வாடைக்கு
மூணு கொதி, எலுமிச்சந்தோல், ரெண்டு நாள் வெயில்.
அப்புறமும் மூடியின் உள்வளையத்தில்
ஒளிந்துகொண்டு சிரிக்கும்.
அதில் ஆற்றுமணல் ரொப்பித்
தார்ப்பாய் மூலைக்குப் பாரம் வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு முப்பிடாதி வாரம் நாலு தருவார்,
கடையில் திருப்பினால் பத்து ரூபாய் என்றாலும்
என்னிடம்தான், வீட்டுக்காரிக்குத் தெரியாமல்.
"அவன் குடியை விட்டான்னா
ஒன் தார்ப்பாய் பறந்துரும் செர்மக்கனி"
என்பார் ஆவுடையப்பன்.

என் புத்தியையும் சொல்லத்தான் வேண்டும்.
வீட்டுப் பட்டாவைச் சுருட்டித்
தேன் பாட்டிலுக்குள் போட்டேன்.
போனதும் அது விரிந்து
சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.
தாலுகா ஆபீசில் அசலைக் கேட்டார்கள்.
பாட்டிலை அப்படியே மேஜையில் வைத்தேன்.
சுற்றிச் சுற்றிப் படித்தார் அந்த கிளார்க்.
உடைங்கம்மா என்றார்.
மாட்டேன் என்று
கூடத்து நீளக் கிடுக்கியால்
முக்கால் மணிநேரம் சுருட்டி எடுத்தேன்.
ஒரு முனை கிழிந்தது. சர்வே நம்பர் தப்பித்தது.

போன கார்த்திகையில் மைக் கட்டின ஆட்டோ வந்தது.
அணையில் திறந்திருக்காங்க, கரையோரத்து ஆளுக ஏறிக்கிடுங்க.
நாலு சாக்கில் பாட்டில்களை மாடிக்குத் தூக்கினேன்,
படிக்குப் படி கிணுங் கிணுங்கென்று
கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

ஆறு தெருமுனை வரைக்கும் வந்தது.
குப்பைத்தொட்டியை முகர்ந்தது.
திரும்பிப் போய்விட்டது.

கரண்ட் மட்டும் ரெண்டு ராத்திரி இல்லை.
ரேஷனில் மண்ணெண்ணெய் நின்று வருஷமாச்சே.
வாயகன்ற பாட்டிலில் பாதி தண்ணி,
மேலே ஒரு விரல் நல்லெண்ணெய்,
தக்கைத் துண்டில் குத்தின திரி.
காற்று எட்டாத சுடர்.
கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன், பதினொன்று.
தெருவே
மீன்தொட்டிகள் வரிசையாய் வைத்தது போல் இருந்தது.

திரும்பி வந்தது ஏழு.
மூடியோடு வந்தது மூணு.

கடைசியாய் முப்பிடாதி வந்தார்,
கரிபிடித்த பாட்டிலைத் துடைத்துக்கொண்டே.
மூடி எங்க? என்றேன்.
சட்டைப் பையைத் தடவினார்.
ஒரு மூடி இருந்தது,
சின்னது, தகரம், வேறு பாட்டிலுடையது.
நீட்டவும் கூச்சம், மறைக்கவும் கூச்சம்.

தாங்க என்று வாங்கி
மூடி இல்லாத பாட்டில்கள் பக்கம் வைத்தேன்.
எதுக்காவது சேரும்.