ஒரே ஒரு கட்டம்

டர்பன். இரவுப் பணி.
இறந்த நேரத்துக்குப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்,
நான்கு இலக்கம் கொள்ளும்.
பெயர் மோகனாம்பாள் கோவெண்டர். வயது ஐம்பத்திரண்டு.
தொழில், சர்க்கரை ஆலையில் கணக்கு.

மூச்சு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு
மருத்துவர்கள் இருவர் பத்து நிமிடம்
அவள் மார்பையே பார்த்து நின்றார்கள்.
ரத்தத்தில் கரியமில வாயு ஏறியது.
மார்பு ஏறவில்லை.
மறுபடி மாட்டினார்கள், ஏறி இறங்கியது.
"21:40" என்றார் மூத்தவர்.

தனபாலன் என் ஜன்னலுக்கு வந்தார்.
செருப்பு இடம் வலம் மாறியிருந்தது.
"கை சுடுகிறது. நகத்தை அழுத்தினால்
வெளுத்து, பிறகு சிவக்கிறது.
எந்த நேரத்தை எழுதுவீர்கள்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கரப்பான்.
போன செவ்வாய், மருந்து அலமாரிக் கதவு
அதன் தலையைத் துண்டித்தது.
குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன்
(ஏன் என்று கேட்காதீர்கள், இரவு நீளம்).
ஆறாம் நாள். ஊதினால் நகர்கிறது.
மூச்சு விட அது தலையிடம் அனுமதி கேட்பதில்லை,
விலாவில் வரிசையாய்த் துளைகள்.
கழுத்து தானே உறைந்து அடைத்துக்கொண்டது.
வாய் இல்லை, அதனால் கடைசியில் தாகத்தில் சாகும்.
தனியே கிடந்த தலை
அன்று மாலைவரை மீசையை ஆட்டியது.
அதற்கொரு படிவம் என்றால்
இரண்டு கட்டம் வேண்டும்.

நமக்கு, பிடரிக்கு மேலே
கட்டைவிரல் அளவில் ஒரு தண்டு.
தூக்கத்திலும் இழு, விடு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.
அது வாய் மூடினால்
இழவுச் செய்தி எட்டாத ஊர்போல
இதயம் இன்னும் சந்தை நடத்திக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
எறும்பைச் சொன்னேன், ஏனோ.
செத்த எறும்பைப் புற்று இரண்டு நாள் கண்டுகொள்ளாது,
மேலேறி நடக்கும்.
பிறகு ஓர் எண்ணெய் வாடை கிளம்பும்.
அப்போதுதான் தூக்கிப்போய்க் குப்பையில் போடும்.
உயிருள்ள எறும்பின்மேல் அந்த எண்ணெயைத் தடவினால்
அதையும் தூக்கிப்போகும்.

"கால் உதைக்குமா?"
"உதைக்கும். திரும்பி வரும்.
மறுபடி தூக்கிப்போவார்கள்,
வாடை போகும்வரை."

வெகுநேரம் யோசித்தார்.
"மோகனா உதைக்கவில்லை" என்றார்.
பேனாவைக் கேட்டார்.

ஐந்து மணிக்குச் சிறுநீரகம் இரண்டும்
ஐஸ் பெட்டியில் ஜோஹன்னஸ்பர்க் விமானம் ஏறின.
அவை இறக்கும் நேரத்தை
எந்த ஊர் எழுத்தர் எழுதுவாரோ.

விடிந்ததும் குப்பியைத் திறந்து ஊதினேன்.

இன்னொரு முறை ஊதினேன்.