முந்நூற்று நாற்பது கிராம்

பல்லாரட்டில் ஜூலை.
மூடிய ஜன்னலிலேயே
திரைச்சீலை மூச்சு வாங்கும்.
திறக்கவோ முடியாது.
எத்தனை பேர் எத்தனை முறை
வெள்ளை பெயின்ட் பூசினார்களோ,
சட்டமும் நிலையும் ஒரே தோலாகிவிட்டன.

'அலுமினியம் போட்டுவிடலாம்' என்றான் இசக்கி.
இரட்டைக் கண்ணாடி, பதினாலாயிரம் டாலர்.
விலைச் சீட்டைக் காந்தம் வைத்து
ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினான்.
அதன் மேலே நான்
பல் டாக்டரின் சீட்டை மாட்டினேன்.
ஒன்பது நாட்களாக எங்கள் பேச்சு
உப்பு எங்கே, சாவி எங்கே
என்பதோடு முடிந்தது.

செவ்வாய் எனக்கு விடுப்பு.
அவனுக்கு இரவு ஷிஃப்ட் முடிந்த உறக்கம்,
பக்கத்து அறையில்.
குளிருக்காகத்தான் அங்கே போனதாகச் சொன்னான்.
ஆகவே சுத்தியல் கூடாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்.
முகமூடி, ஈரத்துணி, மெல்லிய கத்தி.
இடுக்கு இடுக்காக ஒரு மணி நேரம்
சத்தமில்லாமல் அறுத்தேன்.
கீழ்ச் சட்டம் கையோடு வந்தபோது
ஏதோ களவாடியவள்போல்
சற்று நேரம் அசையாமல் நின்றேன்.

நிலையின் பக்கவாட்டில் ஒரு சின்ன மரமூடி.
உள்ளே, இருட்டில்,
நூற்றுப் பதினைந்து வருடமாக
ஓர் இரும்புத் தடி தொங்கவேண்டியது.
கயிறு அறுந்து, தூசியில் படுத்திருந்தது.
எதிர்ப்பக்கம் அதற்கு ஜோடி.
ஜன்னலின் பாரத்தை இரண்டும் பாதிப் பாதி சுமக்கும்,
யார் கண்ணிலும் படாமல்.

விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றினேன்.
கடையில் கிடைத்தது கொஞ்சம் தடிமன்.
பழையதன் துண்டுகளையெல்லாம்
மாவு நிறுக்கும் தராசில் போட்டேன்,
பிறகு புதியதை.
அறுநூற்று எண்பது கூடுதல்.
பக்கத்துக்கு முந்நூற்று நாற்பது கிராம்
இல்லாவிட்டால் ஜன்னல் விழும்.

வீட்டில் கனமான சிறு பொருள் என்ன இருக்கிறது?
கராஜில் அவனுடைய தூண்டில் பெட்டி.
போர்ட் ஃபேரிக் கடலுக்கென்று
வரிசையாக அடுக்கிய ஈயக் குண்டுகள்.
மூன்றைத் தராசில் வைத்தேன்.
முந்நூற்று முப்பத்தொன்பது.
காலையெல்லாம் வீட்டைவிட்டு ஈயத்தைத் துடைத்தவள்
ஆறு குண்டுகளைக் கம்பியில் கோத்து
ஈயத்தைச் சுவருக்குள் வைத்தேன்.

புதுப் பருத்திக் கயிறு,
நுனியில் ஓர் ஆணி கட்டிக்
கப்பியில் விட்டால் தானே இறங்கும்.
இடது பக்கம் ஒழுங்காக முடிந்தது.
வலது பக்கத்தில் விரல் வழுக்க,
தொம்மென்று
சுவருக்குள் யாரோ விழுந்தார்கள்.

போர்வையோடு வந்து வாசலில் நின்றான்.
தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
'பிடி' என்றேன்.
போர்வையை உதறிவிட்டுப் பிடித்தான்.

மண்டியிட்டு, முதுகால் மறைத்து,
தடியைத் தேடி எடுத்துக் கயிற்றில் கோத்து
மரமூடியைத் திருகி மூடினேன்.
அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி மேல் ஒரு மேக்பை.

சட்டத்தின் பள்ளத்தில் நான் போட்ட முடிச்சைப் பார்த்து
'அது அவிழும்' என்றான்.
கயிற்றை வாங்கி
ஐந்து சுற்று, உள்ளே ஒரு நுழைப்பு,
எச்சில் தொட்டு இழுத்தான்.
மீனுக்குப் போடுகிற முடிச்சு.
இடது பக்கத்தையும் பிரித்து மறுபடி போட்டான்.
இதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

ஒற்றை விரலால் தூக்கினான்.
விட்ட இடத்தில் நின்றது.
இறக்கினான், நின்றது.
பாதியில், கால்வாசியில், ஒரு சாண் கீழே,
எங்கே விட்டாலும் அங்கேயே.
குளிர் முழுதாக உள்ளே வந்தது.
இருவரும் மூடவில்லை.

புட்டி இன்னும் காயவில்லை.
ஓரத்தில் அவன் கட்டைவிரல் ரேகை.
அதைத் தேய்த்துவிடக் கத்தியை எடுத்தேன்,
பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடியுமுன்
கராஜில் பெட்டி கவிழும் ஓசை.
'என் ஈயக் குண்டைப் பார்த்தியா? ஆறு குறையுது.'
பத்து நாளில் அவன் கேட்ட
முதல் நீளமான கேள்வி.

'அவ்வளவு கனமானது எங்க போயிடும்' என்றேன்,
ஜன்னலை ஒரு சாண் தூக்கி,
அந்த வழியாகவே.