ஆறு பாரம்

சிம்மக்கல்லில் நூர் அச்சகம்.
மாத நாவல், தொண்ணூற்றாறு பக்கம், ஆறு பாரம்.
தட்டச்சும் மெய்ப்பும் நான்.
கையெழுத்துப் பிரதி விடியும்போது
ஷட்டருக்கு அடியில் கிடக்கும்,
எப்போதும் ஈரமாக.
"எழுத்தாளருக்கு ஆத்தங்கரையில வீடா இருக்கும்"
என்பார் காசிம் ராவுத்தர்,
மின்விசிறியின் கீழ் தாள்களைப் பரப்பி
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பசை டப்பாவை வைத்தபடி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
இளவரசி, கிணறு, தங்கப் பந்து,
எடுத்துக் கொடுத்த தவளை
கூலியாகக் கேட்ட ஒரு முத்தம்.
இவன் சேர்த்தது பௌர்ணமியும் ஆவியும்
பக்கத்துக்கு இரண்டு பெருமூச்சும்.

பிழைகள் ஏராளம்.
கதாநாயகி வாளைப்பழம் தின்பாள்.
தளபதி வால் சுழற்றுவான்.
நள்ளிரவில் அவளைக் காதல் வளி வாட்டும்.
சிவப்பு மையில் ஒவ்வொன்றாய்ப் பிடிப்பேன்.
மழை என்ற சொல் மட்டும்
ஒருநாளும் தப்பியதில்லை.
அந்த ழகரத்தின் வால் கீழே வளைந்து
சொட்டப் போவதுபோல் நிற்கும்.

ஓரத்தில் எழுதினேன்:
"மதுரையில் யார் தங்கப் பந்து வைத்து ஆடுகிறார்கள்?
ஜிமிக்கி என்று மாற்றலாமா?"
ஐப்பசியில் அச்சகக் கிணற்றில்
என்னுடையது விழுந்திருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
அடுத்த அத்தியாயத்தில் ஜிமிக்கி வந்தது,
அடிவரிசையில் ஒரு முத்து இல்லாமல்,
அந்த இடத்தில் நான் கட்டிய பச்சை நூலோடு.

அன்று கணினியை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.
கொல்லையில் கிணறு
ஒரு முறை கத்திற்று.

பிறகு ஓரங்கள்தாம் கதையாயின.
"சாப்பிட்டீர்கலா?" என்றிருக்கும்.
லகரத்தைச் சுழித்து ளகரம் போட்டுக்
கீழே எழுதுவேன்: "புளியோதரை."
மறுவாரம் அதற்கும் கீழே:
"இங்கே கொசு."
சிரிப்பை இருமலாக்கி ராவுத்தரிடம் தப்பித்தேன்.

பங்குனிக் கடைசியில் கடைசி அத்தியாயம்.
முடிவு இல்லை. பாதித் தாள் வெறுமை.
அடியில் மட்டும்:
"சாபம் தீர முத்தமா, அலகரா?"

சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
கடைசியில் என் வெட்கம்தான் எழுதிற்று:
"அழகர்.
ஊர் வழக்கம் அதுதானே."

நாவல் தொண்ணூற்று நான்கில் முடிந்தது.
மிச்சம் இரண்டு பக்கத்தில்
ராவுத்தர் பல்பொடி விளம்பரம் போட்டார்.

ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் முழங்காலளவு.
பச்சைப் பட்டா சிவப்பா என்று ஊரே எட்டிப் பார்க்க,
பீய்ச்சிய நீரில் நனைந்த ஆயிரம் முதுகுகளில்
எது அவனென்று எப்படித் தேட?
மறுநாள் தேனூர் மண்டபத்தில்
மண்டூகருக்கு விமோசனம் ஆயிற்று என்றார்கள்.
நான் போகவில்லை.
மடித்த பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கிணறு அதன்பின் கத்தவில்லை.
பிரதியும் வரவில்லை.

வைகாசி வெயிலில் ஒருவன் வந்தான்.
இஸ்திரி போட்ட சட்டை, காய்ந்த உதடு.
விசிட்டிங் கார்டு, நூறு.
துண்டுச் சீட்டில் எழுதித் தந்தான்:
வள்ளிமுத்து, விளாங்குடி,
ஆழ்துளைக் கிணறு அமைத்தல்.
ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.
கடைசி வரி:
மளைநீர் சேகரிப்பு.

நிமிர்ந்தேன்.
என் வெறும் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
எண்ணிக்கொண்டிருந்த பணத்தில்
பாதியில் கணக்கு விட்டவனைப் போல.
"வெயில் ஜாஸ்தி" என்றான்.
ஆமாம் என்றேன்.
அவனுக்கு நான் திருத்தியே இராத ஒரே சொல்
மேசைமேல் காய்ந்து கிடந்தது.

"நாளைக்கு மெய்ப்பு பார்க்க வரணும்."

"நீங்களே பார்த்துருங்களேன்."

"ஒரு எழுத்து எனக்குச் சந்தேகம்."