பதினோராம் பலகை

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது;
எழுத்தின் எலும்பு தெரியும்.
பேரிமரத்தில் தாளைக் குப்புற ஒட்டி,
நகத்தால் தேய்த்து, எண்ணெய் தடவி,
மை படாத இடத்தையெல்லாம் கிள்ளி எறிவது என் பிழைப்பு.
நூறு எழுத்துக்கு முப்பது காசு.
மருந்தோ மந்திரமோ, ஒரே விலை.

வைத்தியர் ஃபாங் யேன்சூவின் முதல் நூலை
இந்தக் கைதான் செதுக்கியது.
பிழைத்தவர்கள் நாற்பத்தொரு பேர்:
வயிறு வீங்கி வந்த உப்பு வணிகன்,
பேச்சிழந்து கிடந்த நீதிபதியின் தாய்...
ஆற்றோரச் சந்தைகளில் அது
கருவாட்டோடு போட்டி போட்டு விற்றது.

இரண்டாவது கட்டை அவரே சுமந்து வந்தார்.
மழை. முழங்கால்வரை சேறு. பல்லக்கு இல்லை.
"இவர்கள் பிழைக்காதவர்கள்" என்றார்.
"பதினேழு பேர். அச்சுக்கூலிக்கு
வடக்கு வயலை விற்றுவிட்டேன்."
பதிப்பாளர் சிரித்தார்:
செத்தவனைக் காட்டி எந்த வைத்தியன் கடை விரிப்பான்?
அவர் தேநீரைத் தொடவில்லை.
நாடி பார்க்கும் மூன்று விரல்களும்
கட்டின் மேலேயே இருந்தன.

முப்பது வருடத்தில்
இருநூறு எழுத்து தானாக ஒட்டிக்கொண்டது,
கைத்தழும்பு போல.
ஆறு, வயது, பெண், குளிர், தண்ணீர்.
பதினோராம் பலகையில் அவை
இடம்வலம் புரண்டு வரிசையாக வந்தபோது
உளி நின்றது.

கணக்குப்பிள்ளையை வாசிக்கச் சொன்னேன்.
"வெண்பனி கழிந்து மூன்றாம் நாள்.
படகோட்டி ஒருவனின் மகள், ஆறு வயது.
கை கால் சில்லிட்டிருந்தன.
குளிரென்று எண்ணிச் சுக்கும் நாபியும் கொடுத்தேன்.
போர்வையை உதைத்தாள்; பச்சைத் தண்ணீர் கேட்டாள்.
அவள் கேட்டதை நான் கேட்கவில்லை.
நெருப்பு உள்ளே இருந்தது. என் மருந்து விறகு.
விடியுமுன் இறந்தாள்."

படகோட்டி!
நான் படகேறியதே இரண்டு முறை.
என்மேல் இரக்கமோ, தன்மேல் அச்சமோ,
தொழிலை மாற்றி எழுதியிருந்தார்.
லிங் என்ற பெயரையும் எழுதவில்லை.

அன்றிரவு அந்த எழுத்துகளைத் தோண்டி எடுத்தேன்.
அதே மரத்தில் ஆப்பு சீவிக் குழியில் அறைந்து
'பலகை செதுக்குபவன்' என்று வெட்டினேன்,
என் சொந்தத் தொழிலின் பெயரைக்
கணக்குப்பிள்ளையிடம் எழுதி வாங்கி.

சரிபார்க்கும் தாளைச் சன்னலோரம் பிடித்துப் படித்தவர்
பதினொன்றில் நின்றார்.
ஈர மையின்மேல் மூன்று விரலை வைத்தார்,
மணிக்கட்டில் வைப்பது போலவே
முதலில் மெல்ல, பிறகு அழுத்தி.
நான் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
"திருத்தம் ஏதும்?" என்றார் பதிப்பாளர்.
"இல்லை. சரியாக இருக்கிறது."
விரல் மையோடே படியிறங்கிப் போனார்.

பத்தொன்பது படிதான் விற்றது.
மீதித் தாளில் பட்டாசு சுற்றினார்கள்.
அவரை மன்னித்தாயா என்று மனைவி கேட்கிறாள்.
அந்தப் பலகைக்கு நான் கூலி வாங்கவில்லை,
அவ்வளவுதான் தெரியும்.

போன மாதம், படகுத்துறையில்,
முகமறியாத இளம் வைத்தியர் ஒருவர்
காய்ச்சல் கண்ட படகுக்காரப் பிள்ளையிடம் குனிந்து,
"குடிக்க எது வேண்டும்?
சுடுநீரா, பச்சைத் தண்ணீரா?" என்றார்.
அந்த நூலைப் படித்தவரா, தெரியாது.
பிள்ளை பதில் சொல்லும்வரை
நான் படகேறவில்லை.