பராமரிப்புத் தேதி

நாக்பூரில் நூற்றுப் பன்னிரண்டு பேர்,
குவாஹாட்டியில் எழுபது,
போபால், கொச்சி, கட்டாக் என்று மிச்சம்.
முன்னூற்றுப் பதின்மூன்று பேரும்
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு
ஒரே மூச்சில் வாயை மூடிக்கொண்டார்கள்.

சரவணம்பட்டியில் ஏழாவது மாடி.
ஓட்டுகளைச் சலிப்பது என் வேலை.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல என்று
வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.
சில நாள் கல்லில் கல் பொறுக்குவதுதான்.

மூன்று வாரமாக இவர்கள் சிக்கவில்லை.
விற்பவன் கெட்டிக்காரன்.
ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ஊர்,
சிலருக்கு நாய்ப்படம், சிலருக்கு மலைப்படம்.
ஓர் ஓட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே
கொட்டாவி விடும் நேரம்கூட விட்டிருந்தான்.
எழுத்துப்பிழையை அளந்து போட்டிருந்தான்.

புதூர்க் கிணற்றில் சாயத்தண்ணி இறங்குகிறது என்று
பொங்கியண்ணன் என்ற ஒருவர்
படத்தோடு எழுதியிருந்தார்.
அதைத்தான் அமுக்கினார்கள்
கீழே
இன்னும் கீழே
யாரும் விரல் ஓட்டிப் போகாத அடிமட்டத்துக்கு.
ஓர் அமுக்கலுக்கு அறுபது காசு, சந்தை விலை.

பதினொன்றரைக்கு அம்மா கூப்பிட்டாள்.
"கரண்ட்டு இல்லெ கண்ணு. ஒம்பதுக்கே போச்சு.
பல்லடத்துல என்னமோ வேலையாமா,
நாலு மணிக்குத்தான் வருமாமா.
பாதி மாவு கிரைண்டர்ல கெடக்குது.
தறிச்சத்தம் இல்லாம காது அடைச்ச மாதிரி இருக்குது."

நான் பதிலே சொல்லவில்லை.
"லைன்ல இருக்கறயா?" என்றாள்.

கேன்டீனில் எண்ணெய் ஊறிக் கிடந்த செய்தித்தாள்,
நாலாம் பக்கம், பெட்டிச் செய்தி:
மாதாந்திரப் பராமரிப்பு, மின்தடை பகுதிகள்.
அந்தப் பட்டியலில் நாக்பூர் இல்லை.
குவாஹாட்டியும் இல்லை.
எங்கள் ஊர் இருந்தது.

நாலு மணிக்காகக் காத்திருந்தேன்.
நாலு ஆறுக்கு நாக்பூர் கண் விழித்தது,
அடுத்த நொடி போபால்,
பிறகு வரிசையாக ஏறிய விளக்குபோல எல்லோரும்.
இத்தனை மாநிலத்துக்கும்
ஒரே டிரான்ஸ்பார்மர்.

மேனேஜர் கை கொடுத்தார்.
மொத்தமாக நீக்கு என்றார்.
நீக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பழக்கம்.

அதில் ஒன்று, கட்டாக்கைச் சேர்ந்த 'சஞ்சுக்தா',
கரண்ட் இல்லாத நேரத்தில் எழுந்திருக்கிறது.
பகல் பன்னிரண்டு அம்பது.
சார்ஜ் மிச்சமிருந்த ஏதோ ஒரு போன்.
பொங்கியண்ணன் எழுதியதைத் திறந்து
நாலு நிமிடம் ஏழு நொடி
அங்கேயே இருந்திருக்கிறது.
நீல வாளியின் படத்தை இரண்டு முறை பெரிதாக்கி...
இல்லை, வாளி வெள்ளை. தண்ணிதான் நீலம்.
பிறகு, மேலே என்று ஓர் ஓட்டு.

காசு வாங்காத ஓட்டு.

காத்தாடி நின்ற ஒரு தறிக்கொட்டகை தெரிந்தது எனக்கு.
பலகை பலகையாய் அடுக்கிய போன்கள்,
டிபன் டப்பா மூடியில் புளிச்சோறு,
இடது கையில் சும்மா எடுத்துப் பார்த்த ஒன்று.
அவள் என்று ஏன் நினைத்தேன், தெரியாது.
எந்தத் தெரு என்றும் தெரியாது.
எங்கள் தெருவாகவும் இருக்கலாம்.

நாலு ஏழுக்கு அதைத் திரும்ப எடுத்துவிட்டு
மற்றவர்களோடு சேர்ந்து
கீழே அமுக்கியிருக்கிறாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டை ஒரே தட்டில் நீக்கினேன்.
கடைசி ஒன்றுக்குக் காரணம் கேட்டது கட்டம்.
'படித்திருக்கிறார்' என்று எழுதினேன்.
ஏற்கவில்லை.
பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும் என்றது.
பட்டியலில் ஐந்து காரணங்கள்.
ஐந்தும் அவளுக்குப் பொருந்தின.

பொங்கியண்ணனின் கிணறு
ஒன்பது ஓட்டோடு மேலே வந்துவிட்டது.

அம்மா மறுபடி கூப்பிட்டாள்.
கரண்ட் வந்துவிட்டதாம்.
மாவு புளித்துவிட்டதாம்.
பின்னால் தறி ஓடும் சத்தம்,
அதற்கும் பின்னால் என்ன ஓடுகிறது என்று
போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.