வலக்கை உறை

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே
அறுபத்துமூன்று படி. லோடு வண்டி கீழேயே நின்றுவிடும்.
மூன்று நாளாகக் கொரையா டீச்சரின் வீட்டைக்
காலி பண்ணுகிறோம், நானும் பவுனும்.

காலையில் மேஸ்திரி கையுறை தந்தார்.
ஒரு ஜோடி. ஆள் இரண்டு.
"ஆளுக்கொண்ணா மாட்டிக்கங்க, நாளைக்குப் பாக்கலாம்."
நாளைக்கு என்பது மேஸ்திரியின் குலதெய்வம்.

வலது எனக்கு வந்தது.
எப்படி வந்ததென்று அப்போது யோசிக்கவில்லை.
முதலில் கை நீட்டியவள் நான்.

பாசி பிடித்த படியில் பீரோவோடு இறங்கும்போது
முன்னால் போகிறவள் பேசிக்கொண்டே போக வேண்டும்,
பின்னால் வருகிறவள் "ம்" கொட்ட வேண்டும்.
"ம்" நின்றால் பீரோவைக் கீழே வை.
இது பவுன் போட்ட சட்டம்.
அவள் மருமகள் சண்டை, சீட்டுப் பணம், காட்டெருமை புகுந்த கேரட் தோட்டம்
எல்லாம் எனக்குப் படிப்படியாகத் தெரியும்.
மூடுபனி இறங்கிவிட்டால்
அந்த "ம்" ஒன்றுதான் கைப்பிடி.

பிறகு கட்டில். மெத்தை.
எலி குடித்தனம் நடத்திய பஞ்சு.
படுத்த நோயாளியைத் தூக்குவதுபோலத் தூக்கினாள் பவுன்,
அடியில் கைகொடுத்து.
"ஸ்" என்றாள்.
இந்த ஊரில் "ஸ்" எல்லாம் குளிருக்குத்தான்.
நான் திரும்பவில்லை.

வலது கட்டைவிரல்.
மருதாணி வைக்க ஆரம்பித்து
யாரோ கூப்பிட எழுந்துபோன மாதிரி
ஒரே ஒரு புள்ளி.
மெத்தைக்குள் இன்னும் பதினேழு ஊசி,
ஒன்றுக்கும் மூடியில்லை.

விரலை வாயில் வைக்கப் போனாள்.
தட்டிவிட்டேன்,
உறை போட்ட கையால்.

அரசு ஆஸ்பத்திரியில் குழாயடியில் நிறுத்தினார் நர்ஸ்.
"பிதுக்காதம்மா, தண்ணி ஓடட்டும்."
குன்னூர்த் தண்ணீர். ஊசியைவிட அது அதிகம் குத்தியது என்றாள்.
"யாரோட ஊசி?" என்றார் டாக்டர்.
செத்துப்போனவங்களோடது.
"அவங்களுக்கு என்ன வியாதி?"

மேஸ்திரி பெர்த்துக்குப் போன் போட்டார். அங்கே ராத்திரி.
மகள் எடுத்ததும்,
"அந்தச் சுவர்க் கடிகாரம் கிடைச்சுதா?"
கிடைச்சுது மேடம். வந்து… உங்க அம்மாவுக்கு…
துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கப் பார்த்தார்;
அந்தக் குரலில் அந்தக் கேள்வி வரவில்லை.
போனை வாங்கி நானே கேட்டேன்.
கடல் தாண்டி ஒரு மௌனம்.
"தெரியல. நான் வந்து பதினோரு வருஷமாச்சு."

அப்புறம் நாங்கள் செய்தது
இந்தத் தொழிலில் யாரும் செய்யாதது.
கட்டிய மூட்டைகளை அவிழ்த்தோம்.
இருபத்திரண்டு. வண்டி விளக்கு வெளிச்சத்தில்,
டிரைவர் பெல்லிராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
என் வலக்கையில் உறை. இடக்கை வெறும் கை.
பவுனின் இடது உறை ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தது.
உடைந்த பல்பு, காலாவதியான இருமல் மருந்து,
அனுப்பாத கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், எல்லாவற்றிலும் பெர்த் முகவரி.
ஒரு வீட்டைக் காலி செய்வது சுலபம்,
அதை மறுபடி படிப்பதுதான் நாறுகிறது.

பன்னிரண்டாவது மூட்டையில் நீலக் கோப்பு.
சர்க்கரை. பிரஷர்.
கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தச் சோதனை:
எல்லாம் "இல்லை", "இல்லை" என்றிருந்தது.
டாக்டர் தேதியைப் பார்த்தார்.
"மூணு வருஷம் பழசு.
பயப்பட வேணாம். ஆனா மாத்திரையை நிறுத்தக் கூடாது."
இருபத்தெட்டு நாள்.

மறுநாள் மேஸ்திரி நாலு ஜோடி கொண்டுவந்தார்,
தடித்த தோல் உறை, விலைச்சீட்டு தெரியும்படி.
பவுன் வரவில்லை. மாத்திரை குமட்டுகிறதாம்.
அரைநாள் கூலி பிடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை,
நானும்.

பீரோவின் பின்பக்கம் மேஸ்திரியின் மச்சான்.
நான் முன்னால், பேசிக்கொண்டே இறங்குகிறேன்:
டீச்சருக்குக் கண் தெளிந்த பிறகுதான்
அத்தனை வாழ்த்தும் எழுதியிருக்க வேண்டும், என்ன…
பனி. முப்பதாவது படி.
"ம் சொல்லுங்க."
"எதுக்கு?"

பீரோவைக் கீழே வைத்தேன்.