ஒலியை முந்தியது

2003 ஐப்பசி. ஓமந்தையில்
பையைக் கொட்டிப் பார்த்தவன்
கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கொன்கோர்ட்டில் சாப்பிடுற கரண்டி, என்றேன்.
விளங்கவில்லை. விட்டுவிட்டான்.

ஹீத்ரோவில் நாலு வருசம்
அதன் இருக்கைகளுக்கடியில் துடைத்தவன் நான்.
பறந்ததில்லை.

விசுவமடுவில் மச்சாள் தவரூபி கேட்டாள்:
"அதுவும் சத்தத்தை முந்துமோ?"
முந்தும். லண்டனில் பத்தரைக்கு ஏறினவன்
நியூயோர்க்கில் ஒன்பதரைக்கு இறங்குவான்,
அதே காலை.
சூட்டில் உடம்பு ஒரு சாண் நீளும்.
யன்னல் வெடிக்குதென்று சனம் கத்த
அமெரிக்காவில் தரைக்கு மேலே
அந்த வேகத்தைத் தடைசெய்தார்கள், சட்டம் போட்டு.

"சட்டம் போட்டோ?"
சீனிப் போத்தலை மூடாமல் இருந்தாள்.

"உள்ளுக்கு இருக்கிறவைக்கு
அந்த இடி கேக்குமோ?"
கேட்காது.
"ம். கிபிரிலயும் கேக்காதாக்கும்.
எங்களுக்கும் விழுந்தாப் பிறகுதான்.
கேட்டால், இருக்கிறம் எண்டு அர்த்தம்."

வாற வெள்ளி அதன் கடைசிப் பறப்பு, என்றேன்.
எனக்கும் வேலை இல்லை.

"அவங்களும் நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

கரண்டி மாப்பேணிக்குள் போனது.
பிறகு அவள் எழும்பிப் போய்
பங்கர் வாயை மூடிப் படர்ந்த பூசணிக்கொடியை
வெட்டாமல்
ஒருபக்கமாய் இழுத்துக் கட்டினாள்.